இரவில் அணியும் மணிக்கட்டு ஸ்பிளின்ட்: எட்டு வார அனுபவம்

தையல் தொழிலில் இருக்கும் எனக்கு, சில மாதங்களாக வலது கையின் கட்டைவிரலும் அதையடுத்த இரண்டு விரல்களும் நள்ளிரவில் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் உணர்வு திரும்பும் என்ற நிலை இருந்தது. சுண்டுவிரலில் தொந்தரவே இல்லை என்று சொன்னதும், கார்ப்பல் டனல் எனப்படும் மணிக்கட்டு நரம்புப் பாதிப்பாக இருக்கலாம் என்றார் எலும்பு மருத்துவர். விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நுழைந்து செல்லும் மணிக்கட்டுக் குகையில் அழுத்தம் கூடி, அந்த நரம்பு நசுங்குவதே இதற்குக் காரணம். நரம்புப் பரிசோதனையில் பாதிப்பு லேசானது எனத் தெரிந்ததால், முதலில் மணிக்கட்டு மடங்காமல் பிடித்து நிறுத்தும் உறையான ஸ்பிளின்ட்டை அணிந்து பார்க்கச் சொன்னார்.

மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய ஸ்பிளின்ட்டில், உள்ளங்கைப் பக்கம் ஓர் அலுமினியத் தகடும், இறுக்கிக் கட்ட மூன்று வெல்க்ரோ பட்டைகளும் இருந்தன. முதல் வாரம் எந்தப் பலனும் தெரியவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் காட்டியபோதுதான், தகடு மணிக்கட்டைப் பின்னோக்கி வளைக்கும்படி அமைந்திருப்பது புரிந்தது. மணிக்கட்டு நேராக இருக்கும்போதே குகைக்குள் அழுத்தம் குறைவு. நேரான நிலையையும் 20 பாகை பின்வளைவையும் ஒப்பிட்டு 1994-இல் வெளியான ஆய்விலும் நேரான நிலையே கூடுதல் நிவாரணம் தந்தது. அவர் தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நிமிர்த்திக் கொடுத்த பிறகு, மூன்றாம் இரவு நான் விடியும்வரை விழிக்காமல் தூங்கினேன். இத்தனை முக்கியமான செய்தியைப் பற்றி உறையில் இருந்த தாளில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் சரியாகாதா என்று பலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 234 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வார முடிவில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களே ஸ்பிளின்ட் அணிந்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, வலி தாங்க முடியாதவர்களுக்கு ஊசி பொருந்தலாம். காத்திருக்க முடிந்த எனக்கு ஸ்பிளின்ட் போதுமானதாக இருந்தது. ஆனால் இதை எல்லோருக்குமான தீர்வு என்று சொல்ல மாட்டேன். நெதர்லாந்தில் 176 பேரை வைத்து நடத்தி 2002-இல் வெளிவந்த ஆய்வில், 18 மாத முடிவில் அறுவை சிகிச்சைக் குழுவில் 90 விழுக்காட்டினரும் ஸ்பிளின்ட் குழுவில் 75 விழுக்காட்டினரும் குணமடைந்திருந்தார்கள்; அதற்குள் ஸ்பிளின்ட் குழுவிலேயே 41 விழுக்காட்டினர் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டிருந்தார்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கியவர்களும், பகலிலும் மரமரப்பு மாறாதவர்களும் ஸ்பிளின்ட்டை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பொருளின் தரத்தைப் பொறுத்தவரை, துணி கனமானது. வியர்வைக் காலத்தில் கசகசக்கிறது. கட்டைவிரல் துளையின் உள்விளிம்பை மடித்து அடிக்காமல் விட்டிருப்பதால் தோல் சிவந்தது. பழைய பருத்தித் துணியைப் பட்டையாக வெட்டி, உட்புறம் வைத்துத் தைத்துக்கொண்டேன். எட்டாவது வாரத்தில் நடுப்பட்டையின் வெல்க்ரோ பிடி தளர்ந்துவிட, அதையும் பிரித்து வேறு பொருத்தியிருக்கிறேன்.