வீட்டு வேலைக்கு வெல்டிங் மெஷினும் கிரைண்டரும்: சில வருடம் புழங்கிய பிறகு

வாங்கியது இரண்டு பொருள். மேலே 200 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், அதோடு 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர். கேட் கீல், செடி ஸ்டாண்டு, உடைந்த நாற்காலிக் கால், மாடிப்படிக் கைப்பிடி என்ற அளவு வேலைக்குத்தான். இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

முதலில் அந்த 200. வீட்டில் அதற்கு வேலையே இல்லை. ராடு வெல்டிங்கில் (உருகும் குச்சியை வைத்துப் பற்றவைப்பது), ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்டினால் ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி, கேட்கும் வோல்ட் கிடைக்கும். 200 ஆம்பியருக்கு 28 வோல்ட், அதாவது 5.6 கிலோவாட். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக் 3.7 கிலோவாட்டைத் தாண்டாது. அப்புறம் எங்கிருந்து 200 வரும்? நாம் பெரும்பாலும் போடுவது 2.5 மி.மீ. ராடு. அதற்கு 60 முதல் 90 ஆம்பியர் போதும். 80-இல் வைத்தால் 1.9 கிலோவாட்டுக்குள் முடிகிறது. மெஷினின் சொந்த இழப்பைச் சேர்த்தாலும் பெரிய பிளக் தாங்கும். டூட்டி சைக்கிள் (மெஷின் ஆறாமல் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடலாம் என்ற கணக்கு) பற்றியும் வீட்டில் கவலைப்பட்டதில்லை. ராடு மாற்றி, வெல்டிங் மேல் உறையும் கசடான ஸ்லாக்கைத் தட்டி, பார்த்து, மறுபடி உட்காருவதற்குள் மெஷின் ஆறிவிடும். இன்று வாங்கினால் 160 ஆம்பியர் மெஷினே எடுப்பேன்.

தலைவலி தந்தது மெஷின் அல்ல, பெட்டிக்குள் கூடவே வந்த எர்த் கிளாம்ப், அதாவது வெல்டிங் செய்யும் இரும்பைக் கடித்து மின்சுற்றை முடிக்கும் கவ்வி. மெல்லிய தகடு, ஸ்பிரிங்கில் பிடிப்பே இல்லை. கொஞ்சம் தொடர்ந்து வெல்டிங் அடித்தால் அதன் வாய் சூடேறி பிளாஸ்டிக் பிடி இளகும். ஆர்க் விட்டுவிட்டு வரும், ராடு போய் ஒட்டிக்கொள்ளும். மெஷினில்தான் கோளாறு என்று எவருக்கும் தோன்றும். கனமான பித்தளைக் கிளாம்ப் மாற்றி, அது கடிக்கும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டியதும் அதே மெஷின் வேறு மெஷின் போல ஓடியது. எக்ஸ்டென்ஷன் வயரும் இப்படித்தான்: ஒல்லியாக இருந்தால் ஆர்க் சோர்ந்துவிடும். குறைந்தது 2.5 சதுர மி.மீ. வயர் வேண்டும், சுருளை முழுக்கப் பிரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுருளுக்குள்ளேயே சூடு தேங்கும்.

இனி கிரைண்டர். 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், ஸ்கொயர் டியூபை வெண்ணெய் போல அறுக்கிறது. அறுத்து முடியும் தறுவாயில்தான் ஆபத்து. இரண்டு முனையிலும் முட்டுக் கொடுத்து நடுவில் அறுத்தால், டியூப் தொய்ந்து வெட்டு வாய் மூடிக்கொண்டு டிஸ்கைக் கவ்வும். கிரைண்டர் கையை உதறித் துள்ளும். வெட்டுப்படும் துண்டு தானாகக் கீழே விழும்படி ஒரு பக்கம் மட்டும் பிடித்துவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்த வகை டிஸ்கின் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர் வரை சுற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். மணிக்கு 288 கி.மீ. டிஸ்கை மறைக்கும் கார்டை (பாதுகாப்புத் தகட்டை) கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். டிஸ்கின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். கட்டிங் டிஸ்கின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது; தேய்ப்பதற்கு 6 மி.மீ. கனத்தில் தனி டிஸ்க் உண்டு.

இரண்டையும் ஒரே மூலையில் வைத்து வேலை செய்வதுதான் வெல்டிங் மெஷினைக் கொல்லும் வழி. அதன் விசிறி வெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது. கிரைண்டர் கக்கும் இரும்புத் தூளும் கூடவே போய் சர்க்யூட் போர்டில் படிந்து ஷார்ட் ஆகும். நான் அறுக்கும்போது மெஷினை நிறுத்தித் தள்ளி வைத்துவிடுவேன். அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு, காற்றடித்துத் தூசு எடுப்பதும் உண்டு.

தானே கறுக்கும் ஹெல்மெட் இல்லாமல் புதிதாகப் பழகுபவர் இதில் இறங்க வேண்டாம். ஆர்க் ஒளியை உணரும் சென்சார் 2 மட்டும் இருக்கும் மாடலில், நடுவில் ஒரு பைப் மறைத்தால் கண்ணாடி கறுக்காமல் பளீரென்று அடிக்கும். 4 உள்ளதை வாங்குங்கள். இந்த அளவு ஆம்பியருக்கு 10-ஆம் எண் நிழல் (கண்ணாடி கறுக்கும் அளவு) எனக்குச் சரியாக இருக்கிறது. முழுக்கைப் பருத்திச் சட்டையும் வேண்டும். ஆர்க்கின் புற ஊதா ஒளி கடும் வெயிலைப் போலவே தோலைச் சுட்டுவிடும்.

1.2 மி.மீ. கனமுள்ள டியூப் இந்த மெஷினுக்குக் கொஞ்சம் சவால். 2 மி.மீ. 6013 வகை ராடு, ஆம்பியரைக் குறைத்து, நீளமாக இழுக்காமல் விட்டுவிட்டுப் புள்ளி வைத்தால் ஓட்டை விழாது. ஜி.ஐ. பைப் என்றால் பற்றவைக்கும் இடத்தைச் சுற்றித் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடிக்க வேண்டும். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும்.

பிளாஸ்மா கட்டர் (மின்சாரத்தால் சூடேறிய வாயுவால் உலோகத்தை அறுக்கும் கருவி) வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெட்டு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான மாடல்களுக்கு ஈரமில்லாத காற்று தரும் கம்ப்ரஸர் தனியாக வேண்டும். முனையும் எலக்ட்ரோடும் தேயத் தேய மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய தகட்டில் வளைவாக வெட்டும் வேலை அடிக்கடி இருந்தால் வாங்கலாம். டியூபும் ஆங்கிளும் மட்டும் அறுக்க கிரைண்டரே போதும்.