ஃபட்ஜா, கேரமலா, கடலை மிட்டாயா: பண்டிகைக்கு எந்தப் பாகை ஏற்றுவது?

பெரியம்மாவின் கையெழுத்தில் எங்கள் வீட்டில் மூன்று மிட்டாய்க் குறிப்புகள் இருக்கின்றன. ஃபட்ஜ் ஒன்று, கேரமல் ஒன்று, கடலை மிட்டாய் ஒன்று. பொருள்களின் அளவெல்லாம் கச்சிதமாக எழுதியிருப்பார். முக்கியமான கட்டம் வந்ததும் மூன்றிலும் ஒரே வரிதான்: "பதம் வந்ததும் இறக்கவும்." எந்தப் பதம், அது வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒரு நிமிடம் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. அவர் கைக்குத் தெரிந்திருந்தது, எழுதத் தோன்றவில்லை. நாங்கள் பாத்திரம் பாத்திரமாகக் கருக்கித்தான் கற்றுக்கொண்டோம்.

பண்டிகைக்கு முந்திய வாரம் மூன்றையும் செய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எது பிடிக்கும் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்தால் பெரும்பாலும் தவறிவிடும் என்பது என் அனுபவம். அன்றைய வானிலை, கையிலிருக்கும் நேரம், மிட்டாய் போய்ச் சேர வேண்டிய தூரம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றுக்கும் அடிப்படை சர்க்கரைப் பாகுதான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது, பாகின் வெப்பம் ஏறுகிறது. ஆகவே வெப்பத்தைப் பார்த்தால் பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடலாம். ஃபட்ஜுக்கு 112 முதல் 115 டிகிரி செல்சியஸ். அப்போது பாகில் சுமார் 85 சதவீதம் சர்க்கரை. கேரமலுக்கு 118 முதல் 120. சர்க்கரை சுமார் 87 சதவீதம். கடலை மிட்டாய்க்கு 149 முதல் 154. அங்கே தண்ணீர் ஒரு சதவீதம்தான் மிஞ்சியிருக்கும். ஃபட்ஜுக்கும் கேரமலுக்கும் இடையே ஐந்தாறு டிகிரிதான். அந்த ஐந்தாறு டிகிரியில்தான் எங்கள் வீட்டில் பல சண்டைகள் நடந்திருக்கின்றன.

ஃபட்ஜ்: எளிமை என்று நம்பவைக்கும்

குறிப்பைப் படித்தால் மூன்றில் இதுதான் சுலபம் என்று தோன்றும். சர்க்கரை, பால் அல்லது கிரீம், சாக்லேட், கொஞ்சம் வெண்ணெய். வெப்பமும் குறைவு. அமெரிக்காவில் வாஸர் கல்லூரியில் படித்த எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற மாணவி, 1888இல் கல்லூரி ஏலத்துக்காக 30 பவுண்டு ஃபட்ஜ் செய்ததாகப் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய பதின்மூன்றரை கிலோ! கல்லூரி மாணவியே செய்திருக்கிறார் என்றால் நமக்கென்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

ஃபட்ஜில் சர்க்கரை மறுபடியும் பூக்க வேண்டும், அதாவது கரைந்தது மணிகளாகத் திரும்ப வேண்டும், ஆனால் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாகப் பூக்க வேண்டும். மற்ற இரண்டு மிட்டாய்களிலும் பூக்கவே கூடாது. தொல்லையின் வேர் இதுதான். 114 டிகிரியில் இறக்கிய பாகைச் சூட்டோடு கிளறினால் சர்க்கரை பெரிய பெரிய மணிகளாகத் திரளும். வாயில் போட்டால் நறநறவென்று மணல். முதல் தடவை நான் செய்தது அதுவேதான். இறக்கியவுடன் கரண்டியை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். சாக்லேட் வாசனையோடு ஒரு தட்டு மணல் கிடைத்தது.

இறக்கியபின் கரண்டியைத் தொடக்கூடாது. வெண்ணெயை மேலே போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தால் இதமான சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. 43 முதல் 45 டிகிரி இருக்கும். அங்கே போக ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அதன்பிறகுதான் மரக்கரண்டி. முதலில் பாகு பளபளவென்று, இழுத்தால் நாடாவாக விழும். பத்து நிமிடம் விடாமல் கிளறினால் கரண்டி கனக்கத் தொடங்கும். திடீரென்று ஒரு கணத்தில் பளபளப்பு மங்கும், நிறம் ஒரு படி வெளுக்கும். உடனே தட்டில் ஊற்றிவிட வேண்டும். "இன்னும் நாலு சுற்று" என்று நினைத்தீர்களானால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். சுரண்டி உருட்டித்தான் கொடுக்க முடியும். உருட்டிக் கொடுத்தாலும் ருசி குறையாது என்பது ஓர் ஆறுதல்.

இன்னொரு எதிரி பாத்திரத்தின் பக்கச் சுவர். கொதிக்கும்போது அங்கே ஒட்டிக் காயும் சர்க்கரைத் துகள் ஒன்று பாகுக்குள் விழுந்தால் போதும், மொத்தமும் அதைப் பார்த்துப் பூக்கத் தொடங்கும். தண்ணீரில் நனைத்த பிரஷால் சுவரை அவ்வப்போது கழுவிவிட வேண்டும். அல்லது கொதிக்கத் தொடங்கியதும் இரண்டு நிமிடம் மூடி வைக்கலாம், ஆவியே கழுவிவிடும். பால் பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கண்டென்ஸ்டு மில்க் டின்னையும் சாக்லேட்டையும் சேர்த்து உருக்கி ஊற்றும் குறுக்குவழியும் இருக்கிறது. 400 கிராம் டின்னுக்கு 400 முதல் 500 கிராம் சாக்லேட், பத்து நிமிட வேலை. அது கெட்டியாவது சாக்லேட்டின் கொழுப்பால். பாகுப் பதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைகளோடு செய்ய அருமையாக இருக்கும். ஆனால் வாயில் போட்டதும் பொடிந்து கரையும் அந்தப் பழைய தன்மை வராது. குடும்பக் குறிப்பு என்ற பெயரில் அதைக் கொண்டுபோய் வைத்தால், பழையதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கேரமல்: பொறுமைசாலிக்கு

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்குச் சர்க்கரை 400 கிராம், குளுக்கோஸ் சிரப் 300 கிராம், கிரீம் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக, வெண்ணெய் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக, உப்பு அரைத் தேக்கரண்டி. இதில் குளுக்கோஸ் சிரப்பை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை மணிகள் ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்ளாமல் இடையில் புகுந்து தடுப்பது அதுதான். பழைய குறிப்புகளில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு என்று இருக்கும். புளிப்பு சர்க்கரையை உடைத்து அதே வேலையைச் செய்யும்.

கேரமலின் பழுப்பு நிறம் சர்க்கரை கருகுவதால் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை தனியாகக் கருகத் தொடங்க 160 டிகிரிக்கு மேல் வேண்டும். நாமோ 120ஐத் தாண்டுவதே இல்லை. பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து மெல்ல மெல்லச் சிவப்பதுதான் அந்த நிறம், அந்த மணம். அதனால்தான் தீயைக் கூட்டி அவசரப்படுத்திய கேரமல் இனிக்கும், மணக்காது. சிறு தீயில் முக்கால் மணி நேரம், அடிகனமான பாத்திரம், அடியைத் தொட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரம் கலவையைப்போல் நான்கு மடங்கு பெரியதாக இருக்கட்டும்.

பதத்தில் இது ஈவிரக்கம் காட்டாது. 116இல் இறக்கினால் வெட்டிய துண்டுகள் மறுநாள் காலைக்குள் ஒன்றாகக் கலந்து படுத்துவிடும். 118இல் மென்மை. 120இல் கைக்கு அடக்கமான துண்டு. 125ஐத் தொட்டால் பல் கட்டியவர்களுக்குக் கொடுக்க முடியாது. பதம் அறியப் பாகைத் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பார்க்கும் வித்தையில் கை தேறியவர்கள்கூட இதில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறியபின் இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் ஒரு தட்டுக்கு 100 துண்டுகள். நூறையும் பட்டர் பேப்பரில் சுற்றி இரு முனையையும் முறுக்க வேண்டும். குறிப்பில் எழுதாத இன்னொரு மணி நேரம் இது. இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தால் பேச்சோடு முடிந்துவிடும். தனியாகச் செய்தால் அறுபதாவது துண்டில் வெறுத்துப்போகும். ஆனாலும் தபாலில் அனுப்பவோ பெட்டியில் அடுக்கிக் கொடுக்கவோ இதற்கு ஈடில்லை. சுற்றிய கேரமல் இரண்டு வாரம் தாங்கும், பயணத்தில் உடையாது.

கடலை மிட்டாய்: பயமுறுத்தும், ஆனால் கைவிடாது

150 டிகிரி என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். பயம் நியாயமானதுதான். கொதிக்கும் தண்ணீர் தோலில் பட்டால் வழிந்தோடும். பாகு ஒட்டிக்கொண்டு சுடும். குளிர்ந்த தண்ணீர் ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கட்டும், சிறு பிள்ளைகள் அடுப்படிக்கு வெளியே இருக்கட்டும்.

பயத்தைத் தாண்டிவிட்டால் மூன்றில் எளிது இதுதான் என்பேன். சர்க்கரை 2 கப், குளுக்கோஸ் சிரப் 1 கப், தண்ணீர் அரை கப், வேர்க்கடலை 2 கப், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா 1 தேக்கரண்டி. ஆறவைப்பதும் அடிப்பதும் சுற்றுவதும் கிடையாது. அரை மணி நேரத்தில் தட்டில் இருக்கும். பச்சைக் கடலையாக இருந்தால் பாகு 120 டிகிரியைத் தொடும்போதே போட்டுவிடலாம். பாகிலேயே வறுபட்டு மணக்கும். வறுத்த கடலையைக் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும்.

பதத்துக்குக் கருவியே வேண்டாம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்கும். ஒடித்தால் மடங்காமல் சட்டென்று முறியும். பல்லில் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. அந்தச் சத்தம் கேட்டவுடன் இறக்கி, வெண்ணெயும் சோடாவும் சேர்த்தால் குபுகுபுவென்று நுரைத்து எழும். சோடா வெளிவிடும் வாயு பாகுக்குள் குமிழாகச் சிக்கிக்கொள்கிறது. கடிக்கும்போது பொறுபொறுவென்று உடைவது அதனால்தான். நான்கு சுற்று கிளறி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, ஒரே தள்ளாகப் பரப்புங்கள். திரும்பத் திரும்பத் தடவினால் குமிழ்கள் உடைந்து கல்லாகிவிடும்.

இதற்கு ஒரே பகை ஈரம். கெட்டிப் பாகு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விடாமல் மழை பெய்த ஒரு நாளில் நான் செய்த தட்டு, இரவு முறுமுறுவென்று இருந்தது. காலையில் விரலோடு வந்தது. அப்படிப்பட்ட நாளில் கேரமலுக்கு மாறிவிடுங்கள், அல்லது ஆறிய கையோடு காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள். அடைத்து வைத்தால் சில வாரங்கள் நிற்கும்.

வெப்பமானியா, தண்ணீர்க் கிண்ணமா?

இந்தச் சண்டையில் நான் இரு பக்கமும் நிற்கிறேன். கேரமலுக்கு வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள். கடலை மிட்டாய்க்குக் காது போதும். ஃபட்ஜுக்குத் தண்ணீர்க் கிண்ணமே சரிவரும்: சொட்டை விட்டு விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும், வெளியே எடுத்ததும் தட்டையாகச் சரிய வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் தண்ணீர், சோதிக்கும் நேரம் பாத்திரம் அடுப்பைவிட்டு வெளியே. இதை மறந்தால் நீங்கள் சொட்டை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

வெப்பமானியையும் கண்மூடி நம்ப வேண்டாம். செய்வதற்குமுன் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 98 காட்டினால் குறிப்பிலுள்ள எல்லா எண்ணிலும் 2 கழித்துக்கொள்ளுங்கள். கருவியின் கோளாறாகவும் இருக்கலாம், நீங்கள் இருக்கும் உயரமாகவும் இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். எதுவானாலும் கழிப்பது ஒன்றுதான். முனை பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது.

கெட்டுப்போனால்?

மணலாகிப்போன ஃபட்ஜைத் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, சிறு தீயில் முழுவதும் கரைத்து, மறுபடி 114க்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். இறுகிய கேரமலுக்கும் கிரீமோ தண்ணீரோ விட்டு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம். கடலை மிட்டாய் கருகினால் கருகியதுதான். நல்லவேளையாகப் போவது அரை மணி நேரம் மட்டும். மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: விருந்தினர் அதிகம் என்று அளவை இரட்டிப்பாக்கி ஒரே பாத்திரத்தில் ஏற்றாதீர்கள். தண்ணீர் வற்ற எடுக்கும் நேரம் தாறுமாறாகும். இரண்டு தடவையாகச் செய்வதே மேல்.

புதிதாகத் தொடங்குபவருக்கு, வெயில் காயும் நாளாக இருந்தால், கடலை மிட்டாய். பெட்டி பெட்டியாகக் கொடுக்க வேண்டியிருந்து, சுற்றுவதற்கு ஆளும் இருந்தால் கேரமல். ஃபட்ஜைப் பண்டிகைக்கு முதல்நாள் முதன்முறையாக முயலாதீர்கள். இரண்டு வாரம் முன்பு ஒரு மாலையில் தோற்றுப் பார்த்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

எதைச் செய்தாலும் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்காதீர்கள். தண்ணீர் நிரப்பி, கரண்டியையும் உள்ளேயே போட்டு, அடுப்பில் வைத்து ஒரு கொதி விடுங்கள். ஒட்டியது எல்லாம் சர்க்கரைதானே, தானே கரைந்துவிடும்.