எக்ஸல் பட்டியலை போஸ்ட்கிரெஸில் ஏற்றுவது: சில ஆண்டு அனுபவம்

சிறு நூலகங்கள் எக்ஸலில் வைத்திருக்கும் புத்தகப் பட்டியலை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சின்னப் பட்டியல் என்றால் டிபீவர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பு, பெரியது என்றால் போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் என்ற கட்டளைக் கருவியில், கோப்பை மொத்தமாக ஏற்றும் காப்பி கட்டளை. இரண்டுமே நம்பிப் பயன்படுத்தலாம். ஆனால் வேலையைச் சுலபமாக்குவது கருவி இல்லை, முதலில் எல்லா நெடுவரிசையும் டெக்ஸ்ட்டாக இருக்கும் ஒரு தற்காலிக டேபிளில் அப்படியே கொட்டிவிடுவதுதான். தேதியா, எண்ணா என்ற விசாரணையை உள்ளே வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நேராக அசல் டேபிளுக்கு ஏற்றினால், ஆயிரக்கணக்கான வரிசைகளில் ஒன்றில் விலை என்ற இடத்தில் 'அன்பளிப்பு' என்று இருந்தாலும் காப்பி கட்டளை மொத்தத்தையும் நிராகரித்துவிடும்.

எக்ஸலை விட்டுக் கோப்பு வெளியே வரும் இடத்தில்தான் அதிக கவனம் வேண்டும். சாதாரண சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம் ஐஎஸ்பிஎன், புத்தகத்தின் அடையாள எண். 13 இலக்க எண்ணைப் பொது வடிவில் விட்டிருந்தால் 9.78819E+12 என்று காட்டும், சிஎஸ்வியிலும் அதுவே போய் உட்காரும், கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். சேமிக்கும் முன் அந்த நெடுவரிசையின் வடிவத்தை முழு எண்ணாக மாற்றிவிட்டால் தப்பிக்கலாம். தேதியில் 03/04/2015 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதை எந்தக் கருவியும் ஊகிக்க விடாதீர்கள், டெக்ஸ்ட்டாக உள்ளே எடுத்து, அதைத் தேதியாக மாற்றும் டு_டேட் ஃபங்ஷனைக் கொடுத்து, நாள் முதலில் என்று நீங்களே சொல்லுங்கள்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. ஒரே ஆசிரியரின் பெயர் இரண்டு முறை பட்டியலில் நிற்கும், தேடினால் பாதிப் புத்தகம்தான் வரும். 2020இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அது இதைச் சரிசெய்துவிடும், அந்த ஒன்றுக்காகவே எனக்கு போஸ்ட்கிரெஸ் பிடித்துப்போனது. ஆனால் 'ஔ' என்பதை ஒ, ள என்று தட்டச்சு செய்திருந்தால் அது திருத்தாது, அவற்றை நாம்தான் தேடி மாற்ற வேண்டும்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள். சிஎஸ்வியின் முதல் ஐந்து வரி, டேபிளை உருவாக்கிய கட்டளை, பிழைச் செய்தி முழுசாக, இந்த மூன்றையும் எழுத்தாகவே கொடுங்கள், பெரும்பாலும் முதல் பதிலிலேயே வழி கிடைத்துவிடும். பிழைச் செய்தி சொல்லும் வரி எண்ணும் எக்ஸலின் வரிசை எண்ணும் சில சமயம் பொருந்தாது, ஏனென்றால் ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரி தட்டியிருந்தால் காப்பி அதை இரண்டாக எண்ணும்.

2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17இல், வகை பொருந்தாத வரிசைகளை விட்டுவிட்டு மற்றதை ஏற்றும் வசதியும் சேர்ந்திருக்கிறது. சென்சார் அளவீடு மாதிரி, நாலு வரி போனால் பாதகமில்லை என்கிற தரவுக்கு அது சரி. நூலகப் பதிவேட்டுக்கு நான் அதைத் தொடுவதில்லை, விடுபட்ட ஒவ்வொரு வரிசையும் அலமாரியில் இருக்கிற ஒரு புத்தகம்.