இரவுக் கோப்பைக்குக் கெமோமைலா, ரூயிபோஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடைத் தட்டில் இந்த இரண்டு மூலிகைத் தேநீரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் காஃபின் கிடையாது. அதனாலேயே ஒன்றில்லாவிட்டால் மற்றது என்று எடுத்துவிடுகிறார்கள். வேலையும் வேறு, போடும் விதமும் வேறு.

கெமோமைல், அதாவது சீமைச் சாமந்தி, பூ. உலர்ந்த பூ சுமார் 2 கிராமுக்குக் கொதித்த நீர் 150 மி.லி. ஊற்றியதும் தட்டுப் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் மணமுள்ள எண்ணெய் ஆவியோடு போய்விடும். தட்டின் அடியில் திரண்ட துளிகளையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும். மேலும் ஊறினால் கசக்கும். பால் வேண்டாம், மணம் அமுங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பின் வரும் உப்புசம், லேசான வயிற்றுப் பிடிப்பு, படுக்கும் முன் படபடப்பு ஆகியவற்றுக்குக் குடிப்பது வழக்கம். தூக்கமின்மைக்கு மருந்து என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் வலுவில்லை.

ரூயிபோஸ் கேப் பகுதியின் செடர்பெர்க் மலைச் செடி, அவரைக் குடும்பம். துவர்ப்புத் தரும் டானின் குறைவு, நெடுநேரம் கொதித்தாலும் கசக்காது. இஞ்சி, ஏலம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டுப் பாலும் ஊற்றலாம். சாயா இல்லாமல் முடியாதவருக்கு ராத்திரியில் இதுதான் சரி. வயிறு உப்பியவருக்குக் கெமோமைல்.

சாமந்தி, செவ்வந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்கள் கெமோமைலைத் தொடக் கூடாது: அரிப்பு, வீக்கம், அரிதாக மூச்சுத் திணறலும் வரலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே வேண்டாம்.