பத்து நிமிடம் நுரையோடு: நெல்லையில் எங்கள் செவலைக்குப் பார்த்த வைத்தியம்

நான்கு வார லீவில் சிங்கப்பூரிலிருந்து பாளையங்கோட்டை வந்தேன். வாசலுக்கு ஓடி வந்த எங்கள் நாய் செவலையைப் பார்த்ததும் மனசு கெட்டுவிட்டது. அது சிப்பிப்பாறை இனம், முடி குட்டை. அந்த முடியும் பூச்சி அரித்த துணி மாதிரி திட்டுத் திட்டாகக் கொட்டியிருந்தது. வயிற்றில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள், ஓரம் உரிந்த வட்டங்கள்.

"படர்தாமரைன்னு மெடிக்கல்ல சொன்னாங்கடா, இதத்தான் தடவுறேன்" என்று அம்மா ஒரு டியூபை எடுத்து வந்தார். மனிதருக்கான கிரீம். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. நாயைப் பார்க்காமலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், கிருமி அப்படியே இருக்கும். போதாததற்கு, தடவியதை நாய் நக்கி விழுங்கிவிடும்.

மறுநாள் காலை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பினோம். நாய் என்றதும் இரண்டு ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் சித்தப்பா மகனின் லோடு ஆட்டோதான் கைகொடுத்தது. ஆடு, மாடுகளோடு வந்தவர்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். போகிறவர்கள் சீக்கிரமே போய்விடுங்கள்.

டாக்டர் அம்மா அவசரப்படவில்லை. பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி, சொறிப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஒரு வட்டத்தின் மேல் செலோ டேப்பை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்: கொத்துக் கொத்தாக நீலப் புள்ளிகள், ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியா. நாயின் தோலில் எப்போதும் இருக்கிற கிருமிதானாம். உண்ணிக்கடியோ அலர்ஜியோ தோலைக் கெடுத்தால் அது பெருகிவிடும். செவலையின் காது மடிப்பில் உண்ணி இருந்தது. அதற்குத் தனியாக மருந்து தந்தார்.

மாத்திரை எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். "தோல் மேலோட இருக்கிறதுக்கு மேல் மருந்தே போதும் சார். தேவையில்லாம ஆன்டிபயாடிக் குடுத்தா, நாளைக்கு வேணுங்கிறப்ப அது கேக்காது" என்றார். அவர் எழுதியது 4 சதவீத குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) ஷாம்பூ, வாரம் 3 தடவை. நுரை உடம்பில் 10 நிமிடம் நிற்க வேண்டும், அப்புறம் நன்றாக அலசித் துடைக்க வேண்டும். ஊற்றின உடனே கழுவினால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே இல்லை என்பதை இரண்டு தடவை சொன்னார்.

ஷாம்பூவுக்குத்தான் அலைச்சல். முதல் இரண்டு கடைகளில் உண்ணி ஷாம்பூவை நீட்டினார்கள். லேபிளில் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பத்து நிமிடம் செவலையை நிறுத்தி வைப்பது லேசில்லை. கொல்லையில் வேப்பமர நிழலில் கட்டி, போனில் அலாரம் வைத்து, வயிறு, தொடையிடுக்கு, விரலிடுக்கு என்று நான் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். கண்ணில் படாமல் அம்மா முகத்தைப் பிடித்துக்கொள்வார். இரண்டாம் வாரம் புதுக் கொப்புளம் வரவில்லை. மூன்றாம் வாரம் மறுபடி டேப் எடுத்துப் பார்த்தார்கள், கிருமி தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் தொடரச் சொன்னார் டாக்டர்.

நான் கிளம்பியபின் பக்கத்து வீட்டுத் தம்பி குளிப்பாட்டினான். நேற்று வீடியோ காலில் பார்த்தேன், வயிறு சுத்தமாக இருக்கிறது. வாலடியில் மட்டும் இன்னும் முடி வளரவில்லை.