டிரோன் போர்டு டிசைனை வெளியே கொடுக்கப் போகிறீர்களா? காம்பஸ் சென்சார் இருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்

எனக்கு 22,000 ரூபாயும் மூன்று மாதமும் போயிற்று. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

டிரோனுக்கு ஐந்து சர்க்யூட் போர்டுகள், டிசைனும் அசெம்பிளியும் சேர்த்து ஒரு டிசைனரிடம் பேசியிருந்தேன். வந்தவை பார்க்க நன்றாகவே இருந்தன, சாலிடரிங்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் டிரோன் மேலே ஏறியதும் நிற்காமல் வட்டமடித்தது. இரண்டாம் நாள் வேப்பமரத்தில் போய் மோதியது.

வீட்டுக்கு வந்து ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, டிரோனை மர மேசையில் கட்டிவைத்து த்ராட்டிலை, அதாவது மோட்டாருக்குப் போகும் சக்தியை, மெல்ல ஏற்றினேன். டிரோன் அசையவே இல்லை. திரையில் காம்பஸ் சென்சார் (பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை சொல்வது) காட்டும் திசை மட்டும் 0, 15, 30 என்று நகர்ந்து 40 டிகிரியைத் தொட்டது. இறக்கினால் மறுபடி வடக்கு.

கவிழ்த்துப் பார்த்ததும் புரிந்தது. பேட்டரியின் சிவப்பு வயருக்கு ஒரு மூலையிலும் கறுப்பு வயருக்கு எதிர் மூலையிலும் டிசைனர் இடம் விட்டிருக்கிறார். சிவப்பு வயர் சென்சாரிலிருந்து இரண்டே சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. ஒரு வயரில் 20 ஆம்பியர் ஓடினால் அந்தத் தூரத்தில் 200 மைக்ரோடெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் வரும். நம் ஊரில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40தான். ஐந்து மடங்கு சத்தத்துக்கு நடுவே பாவம், சென்சார் எதைக் கேட்கும்? இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிக் கொண்டுவந்திருந்தால் ஒன்றின் புலத்தை மற்றது பெரும்பாலும் அழித்திருக்கும்.

போன் செய்து கேட்டேன். "கேலிப்ரேஷன் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார். இந்தப் பதிலை மட்டும் நம்பாதீர்கள்.

கேலிப்ரேஷன், அதாவது மாறாத பிழையை அளந்து கழிப்பது, எதைச் சரிசெய்யும் என்பதற்கும் அதே போர்டிலேயே உதாரணம் இருந்தது. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் படுக்கைவாட்டில் இருக்கும் கோடு) இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால் தமிழ்நாட்டில் புலம் ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கிறது. போர்டைச் சமமாக வைத்தால் இசட் அச்சு (மேல்-கீழ் திசை) சில மைக்ரோடெஸ்லா மட்டுமே காட்ட வேண்டும். எனக்குக் காட்டியது 90. பக்கத்திலேயே ஒலி எழுப்பும் பஸ்ஸரை வைத்திருந்தார், அதற்குள் ஒரு காந்தம் உண்டு. அது போர்டோடு சேர்ந்தே திரும்பும், அளவும் மாறாது. அதனால் கேலிப்ரேஷனில் கழித்துவிட முடிந்தது. வயரின் புலம் அப்படியா? த்ராட்டிலுக்கு ஏற்ப ஏறி இறங்கும். எந்த எண்ணைக் கழிப்பது?

சென்சாரை அடிப்பக்கம் கவிழ்த்து வைத்திருந்ததால் வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் என்று காட்டியது. அது பெரிய விஷயமில்லை. டேட்டாஷீட்டில் உள்ள அச்சுப் படத்தைப் பார்த்து, ஒய், இசட் இரண்டின் குறியையும் புரோகிராமில் மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் இடம் தவறினால் புரோகிராமால் ஓரளவுக்குத்தான் ஈடுகட்ட முடியும்.

லேஅவுட்டை (போர்டில் பாகங்கள் இருக்கும் அமைப்பை) திருத்தித் தரச் சொன்னதற்கு மறுபடி முழுப் பணம் கேட்டார். அப்புறம் போனே எடுக்கவில்லை.

போர்டு தயாரிக்க ஃபேக்டரிக்கு அனுப்பும் கெர்பர் ஃபைல் போகும் முன் லேஅவுட் படத்தைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரி, மோட்டார் வயர்கள் எந்த வழியாகப் போகும் என்று அதன்மேல் பேனாவால் வரைந்து பாருங்கள். பஸ்ஸர், இண்டக்டர் (கம்பிச் சுருள்), இரும்புத் திருகு எல்லாம் சென்சாரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுத்தில் போடுங்கள். நான் எழுதவில்லை, அதனால் கேட்கப் பிடிமானம் இல்லாமல் போயிற்று.

இப்போது போர்டிலுள்ள சென்சாரைப் பயன்படுத்துவதில்லை. ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்த தனி காம்பஸை 12 சென்டிமீட்டர் கம்பத்தில் மேலே ஏற்றியிருக்கிறேன். இரண்டு பேட்டரி வயர்களையும் முடிந்தவரை சேர்த்துக் கட்டினேன். அதே மேசையில் முழு த்ராட்டில் கொடுத்தும் திசை 2 டிகிரிக்கு மேல் நகரவில்லை.