"முயலுக்கு 5.5 தான் அண்ணாச்சி": நெல்லைப் பக்கம் ஏர்கன் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் ஏர்கன், அதாவது காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் துப்பாக்கி, வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். "4.5 நல்லதா, 5.5 நல்லதா" என்று குழல் துளையின் மில்லிமீட்டர் அளவை வைத்துத் தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டு இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். அந்தப் பேச்சை வைத்துத்தான் என்னிடம் 11,500 ரூபாய் பிடுங்கினார்கள். பணம் போனதோடு முடிந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாத ஒரு பொருளை என் தலையில் கட்டிவிட்டு, புகார் கொடுத்தால் நீதான் மாட்டுவாய் என்று சொல்லாமல் சொன்னார்கள். கடையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வள்ளியூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. மகன் பள்ளியில் துப்பாக்கி சுடும் போட்டி பற்றிக் கேள்விப்பட்டு வந்து ஆசையாகக் கேட்டான். சரி, தோப்பில் மண்மேடு போட்டு, பத்து மீட்டர் தள்ளி அட்டை வைத்துப் பழகட்டும் என்று நினைத்தேன். ஒலிம்பிக்கில் நடக்கும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கும் 4.5 மில்லிமீட்டர் குண்டுதான். அதனால் 4.5 என்று முடிவு செய்துதான் போனேன்.

கூட அத்தான் வந்தார், அக்கா வீட்டுக்காரர். அவருக்கு ராத்திரி தூக்கம் வராவிட்டால் யூடியூபில் வெள்ளைக்காரர்கள் முயல் சுடுவதைப் பார்க்கிற பழக்கம். கடைக்குள் நுழைந்ததுமே, "இதுல முயல் விழுமா?" என்று கேட்டுவிட்டார். டார்ச், தூண்டில், கேரம் போர்டு, கத்தி எல்லாம் கலந்து விற்கிற கடை அது. கல்லாவில் இருந்தவர் என்னை விட்டுவிட்டு அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"முயலுக்கு 5.5 தான் அண்ணாச்சி. கௌதாரி, காடைன்னா 4.5 போதும். பன்னி வருதுன்னா சொல்லுங்க, 6.35 வரவழைச்சுத் தாரேன். காலிபர் கூடக்கூட பவர் கூடும்லா."

இந்தப் பேச்சில் பாதி பொய், மீதி நம் ஊருக்குப் பொருந்தாதது. இதே பேச்சை உங்களிடமும் பேசுவார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

காலிபர் என்பது குழலின் துளை அளவு, அவ்வளவுதான். .177 என்றால் 4.5 மில்லிமீட்டர், .22 என்றால் 5.5, .25 என்றால் 6.35. ஸ்பிரிங் துப்பாக்கியில் பவர் வருவது ஸ்பிரிங்கும் பிஸ்டனும் காற்றை எவ்வளவு வேகத்தில் நெருக்குகின்றன என்பதிலிருந்து. துளையைப் பெரிதாக்கியதால் புதிதாகப் பவர் வந்து சேராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.52 கிராம் எடையுள்ள 4.5 குண்டு விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 15 ஜூல். 0.93 கிராம் எடையுள்ள 5.5 குண்டு 180 மீட்டர் வேகத்தில் போனாலும் அதே 15 ஜூல்தான். சின்னது வேகமாகப் போகும், பெரியது மெதுவாகப் போகும்.

வேகம் குறைந்தால் குண்டு வழியிலேயே அதிகம் தாழும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 30 மீட்டர் போவதற்குள் அந்த 4.5 குண்டு 7, 8 சென்டிமீட்டர் இறங்கும், 5.5 குண்டு 13 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். கடைக்காரர் தலைகீழாக, "5.5 நூல் புடிச்ச மாதிரி நேரா போகும்" என்றார். பெரிய குண்டுக்கும் ஒரு நன்மை உண்டு. அகலமான காயம் உண்டாக்கும், பட்ட இடத்தில் ஆற்றலை இறக்கும். இங்கிலாந்தில் முயலையும் காட்டுப் புறாவையும் பயிர்த் தொல்லை என்று ஏர்கன்னால் சுடுகிறவர்களுக்குள் 4.5-ஆ 5.5-ஆ என்ற சண்டை ஓயாமல் நடப்பது இதனால்தான். அங்கே 12 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 ஜூல் வரை ஆற்றலுள்ள ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் தேவையில்லை. அந்த எல்லைக்குள் எந்தக் குண்டு எடுத்தாலும் முயலின் தலையில் சரியாகப் பட்டால்தான் உடனே சாகும், கொஞ்சம் தவறினாலும் காயத்தோடு ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். அதனால் அங்கே அனுபவசாலிகள் காலிபரை விடக் குறி தவறாமையைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

அதெல்லாம் அந்த ஊருக்கு. நம் ஊரில் வேட்டைக்கு எந்தக் காலிபர் என்ற கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயல், கௌதாரி, காடை எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. மயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் கூட்டிவிட்டார்கள். சாதாரணக் குற்றத்துக்கே மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. முதல் அட்டவணை விலங்கு என்றாலோ சரணாலயத்துக்குள் சுட்டாலோ குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டுவரை போகலாம். நம்மைச் சுற்றி எத்தனை சரணாலயம் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். களக்காடு முண்டந்துறை, கூந்தன்குளம், கங்கைகொண்டான் புள்ளிமான் சரணாலயம், அந்தப் பக்கம் வல்லநாடு. கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்களே பறவைகளைக் காவல் காக்கிறார்கள், அங்கே குழலோடு போய் இறங்கினால் போலீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

பன்றிக்கு 6.35 தருகிறேன் என்றது அதைவிட மோசம். மானூர், நாங்குநேரி விவசாயிகள் பன்றியால் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி வனத்துறைக்குத்தான், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிறவற்றை மட்டும். ஸ்பிரிங் ஏர்கன்னால் பன்றியைச் சுட்டால் அது சாகாது, கோபத்தோடு திரும்பி வரும்.

இதில் பாதி எனக்கு அப்போதே தெரியும். "வேட்டை எல்லாம் வேண்டாம், 4.5 கொடுங்க" என்றுதான் சொன்னேன். அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைக்காரர் விடவில்லை. "ஒங்களுக்குப் பயம்னா பில்லுல 4.5-ன்னு போட்டுத் தாரேன், சாமான் 5.5 எடுத்துக்கிடுங்க." நான் மறுத்தேன். உடனே சிரித்துக்கொண்டு, சரி 4.5-ஏ தருகிறேன் என்று ஒன்றை எடுத்துச் சுட்டுக் காட்டினார்.

அந்தச் சுட்டுக் காட்டுதல் ஒரு வித்தை. கடையின் பின்பக்கம் ஒரு வேப்பம் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். குழலை மடக்கிக் குண்டு போடுவதற்கு முன்னால் பையன் ஒருவன் காற்றுவரும் துளையில் ஏதோ சொட்டுவிட்டான். தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்ப் புட்டி அது. சுட்டதும் பட்டாசு போல வெடித்தது, குழலிலிருந்து நீலப் புகை வந்தது, குண்டு பலகைக்குள் புதைந்துவிட்டது. அத்தான் வாயைப் பிளந்தார். எண்ணெய் எரிந்த வாடை வந்ததைக் கேட்டேன். "புதுசுல்லா அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பிஸ்டன் வேகமாக வந்து காற்றை நெருக்கும்போது உள்ளே சூடு ஏறும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினில் நடப்பது போலவே பற்றிக்கொள்ளும். குண்டைத் தள்ளுவது அந்த வெடிப்பு. எண்ணெய் தீர்ந்ததும் துப்பாக்கியின் நிஜ பலம் தெரியும். இப்படித் திரும்பத் திரும்பச் சுட்டால் வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும். ஆகவே கடையில் சுட்டுக் காட்டும்போது புகையோ எண்ணெய் வாடையோ வந்தால், உலர்ந்த நிலையில் இன்னும் பத்துக் குண்டு சுடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

காட்டியது வேறு, கொடுத்தது வேறு. "இது டிஸ்ப்ளே பீஸ், கோடவுன்ல இருந்து புதுசு வருது" என்று ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். பில்லில் 4.5 என்று இருந்தது, குழலிலும் .177 என்று அடித்திருந்தது. 4.5 குண்டு ஒரு டப்பா தனியாக வாங்கினேன். வீட்டுக்கு வந்து குண்டைப் போட்டுக் குழலைச் சாய்த்தால், குண்டு மறுமுனை வழியாக நழுவித் தரையில் விழுந்தது. ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் வெர்னியர் அளவுகோல் வைத்துத் துளையைப் பார்த்துவிட்டு, 5.5 என்றார். டார்ச் அடித்துப் பார்த்தால் குழலுக்குள் சுருள் வரியே இல்லை, வழவழவென்று தண்ணீர்க் குழாய். ரைஃபிள் என்ற பெயரில் வரி இல்லாத குழல்! குண்டு சுழன்று போனால்தான் குறி நிலைக்கும், இதில் அதற்கு வழியே இல்லை.

கடைக்குப் போன் போட்டேன். முதலில் சிரிப்பு. "பெருசா கெடச்சிருக்குன்னு சந்தோசப்படுங்க. 5.5 குண்டு ஒரு டப்பா ஃப்ரீயா தாரேன்." மாற்றித் தரச் சொன்னேன். விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது என்றார். போலீஸில் சொல்வேன் என்றதும் குரல் மாறியது.

"சொல்லுங்க அண்ணாச்சி. பில்லுல 4.5-ன்னு இருக்கு. 5.5 இப்ப யாரு கையில இருக்கு? லைசென்ஸ் எங்கன்னு ஒங்களத்தான கேப்பாவ?"

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, ஏர்கன்னின் துளை 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும். இரண்டில் ஒன்று தாண்டினாலே போதும். உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும், மாநகரப் பகுதி என்றால் காவல் ஆணையரிடம். 5.5 விற்கிற எந்தக் கடைக்காரரும் இதை அறியாதவர் இல்லை. தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ளிவிடலாம், வாங்கியவன் பயத்தில் வாயைத் திறக்க மாட்டான். இப்படி வாயை மூடிக்கொண்டு பரண் மேல் போட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ.

பலமாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுக்கும் தெரிந்தவர் ஒருவரிடம் குண்டின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் சுட்டபோது சராசரியாக விநாடிக்கு 130 மீட்டர். 0.93 கிராம் குண்டுக்கு அது 8 ஜூலைக்கூடத் தொடாது. பெட்டியில் போட்டிருந்ததோ விநாடிக்கு 1000 அடி வேகம், மீட்டரில் சொன்னால் 300-க்கு மேல். இப்படிப் பெட்டியில் போடுகிற எண்களை மிக லேசான கலப்பு உலோகக் குண்டு போட்டு எடுப்பது வழக்கம். ஈயக் குண்டுக்கு அந்த வேகம் வராது. என்னுடையது அந்தச் சாக்கும் சொல்ல முடியாத அளவுக்கு மட்டம். அட்டையில் ஓட்டை போடும் போட்டித் துப்பாக்கியின் பலம்தான், ஆனால் துளை காரணமாக உரிமம் வேண்டும்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னபடி, நடந்ததை எழுதி, பில் நகல், ஜிபே ரசீது, வெர்னியரோடு எடுத்த படம் எல்லாம் இணைத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அங்கே என்னை யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை. எழுத்தர் நாலைந்து கேள்வி கேட்டார், கடை விவரத்தைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். அத்தான் மட்டும் வாசலுக்கு வெளியே டீக்கடையிலேயே நின்றுகொண்டார். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வைத்தேன்.

ஏர்கன் வாங்கியே ஆக வேண்டும் என்பவர்கள், பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். 4.5 குண்டு ஒன்றை விரலால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம் இறுகி உட்கார வேண்டும். பில்லில் காலிபரோடு துப்பாக்கியின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும், குழலில் அடித்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள். என் பில்லில் வரிசை எண் இல்லை. அதனால் இப்போது கடைக்காரர், அது நான் விற்ற துப்பாக்கியே இல்லை என்று சாதிக்கிறார். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காததால் தப்பித்தேன், தொகையும் தேதியும் வங்கிக் கணக்கில் இருக்கின்றன. "வேட்டைக்கா, எந்த மிருகத்துக்கு?" என்று கடைக்காரர் பேச்சை ஆரம்பித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஆணையத்தில் கடைக்காரருக்கு நோட்டீஸ் போய்விட்டது, ஒரு தவணைக்கு வரவில்லை. பணம் இன்னும் வரவில்லை. இதே போல 4.5 பில்லோடு 5.5 வாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், துப்பாக்கியை வேறு யாருக்கும் விற்கவும் செய்யாதீர்கள். ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு, எழுத்துமூலம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.